அவள் ஒருவனைத்தான் எடுத்துப் போனாள்

பூதமான கிரெண்டல் முதல்முதலாக டேனிய அரசனின் ஹெயோரட் மண்டபத்துக்குள் புகுந்த இரவில் முப்பது வீரர்களைத் தூக்கிக்கொண்டு போனான். அதற்கப்புறம் பன்னிரண்டு ஆண்டுகள் கொலை ஓயவில்லை. கடைசியில் கடல் கடந்து வந்த பேயோவுல்ஃப் என்ற இளைஞன் வெறுங்கையால் அவனோடு மல்லுக்கட்டி, அவன் கையைத் தோளோடு பிய்த்தெடுத்தான். கிரெண்டல் தன் சதுப்புநிலத்துக்கு ஓடிச் செத்துப்போனான். பிய்த்த கையை மண்டபத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துக் கொண்டாடினார்கள். அடுத்த இரவு அவனுடைய அம்மா வந்தாள். மண்டபம் நிறைய ஆட்கள் படுத்திருந்தார்கள். அவள் ஒரே ஒருவனைத்தான் எடுத்தாள். போகும்போது மகனுடைய கையையும் எடுத்துக்கொண்டு போனாள்.

'பேயோவுல்ஃப்' என்ற பழைய கவிதையின் கதை இது. இதை நான் முதலில் படித்தது கல்லூரி நாட்களில், ஒரு சுருக்கப் பதிப்பில். அதில் அம்மா என்பவள் இரண்டாவது பேய், அவ்வளவுதான். முதல் பேயை வென்ற வீரன் அடுத்ததையும் வென்றான், மூன்றாவதாக ஒரு டிராகன், சுபம். முழுக் கவிதையை மொழிபெயர்ப்பில் படிக்க எனக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. படித்தபோது அந்தக் கையில்தான் நின்றுவிட்டேன். ஒரு உயிருக்கு ஒரு உயிர், அதோடு மகன் உடம்பின் மிச்சம். வெறிபிடித்த மிருகம் இப்படி எண்ணி எடுக்குமா? சுருக்கியவர் எதையெல்லாம் வெட்டியிருந்தார் என்று தேட ஆரம்பித்தேன். வெட்டப்பட்டதில் பெரும்பகுதி, இந்தக் கவிதையில் யார் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்பதற்கான விடைதான்.

கவிதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் 3182 அடிகள். எழுதியவர் பெயர் தெரியாது. கிபி 1000-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரே ஒரு கைப்பிரதியில்தான் பிழைத்திருக்கிறது. அந்தப் பிரதியும் 1731-இல் லண்டனில் ஒரு தீவிபத்தில் ஓரங்கள் கருகி, சாம்பலாகாமல் தப்பியது. இங்கிலாந்தில் எழுதப்பட்டாலும் கதை நடப்பது டென்மார்க்கிலும் தெற்கு சுவீடனிலும். எழுதியவர் கிறிஸ்தவர், எழுதுவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய முன்னோர்களைப் பற்றி. அந்த முன்னோர்கள் மேல் அவருக்கு இருக்கும் பிரியமும் கவலையும் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

கிரெண்டலுக்கு என்ன கோபம்? இதைக் கவிஞர் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். அது பசியில்லை. டேனியர்களின் அரசன் ஹ்ரோத்கார் பெரிய மண்டபம் கட்டுகிறான். தினமும் விருந்து, சிரிப்பு, யாழிசை. பாணன் பாடுகிறான்: கடவுள் பூமியைப் படைத்தார், சூரியனையும் சந்திரனையும் வைத்தார், கிளைகளாலும் இலைகளாலும் நிலத்தை அழகாக்கினார் என்று. வெளியே இருட்டில் ஒருவன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நாள்தோறும் அந்தச் சத்தத்தை வேதனையோடு பொறுத்துக்கொண்டிருந்தான் என்கிறது கவிதை. அவன் பைபிளில் வரும் காயீனின் வம்சம். தம்பியைக் கொன்றதற்காக மனித இனத்திலிருந்து விரட்டப்பட்டவனின் வழிவந்தவன். உலகம் எவ்வளவு அழகாகப் படைக்கப்பட்டது என்று உள்ளே பாடுகிறார்கள். அந்த உலகத்தில் தனக்கு இடமில்லை என்று தெரிந்தவன் வெளியே நின்று கேட்கிறான். இந்த நாற்பது ஐம்பது அடிகளைப் படித்த பிறகு என்னால் கிரெண்டலை வெறும் பூதமாகப் பார்க்க முடியவில்லை. அவன் செய்ததை மன்னிக்கவும் முடியவில்லை. கவிஞரும் மன்னிக்கச் சொல்லவில்லை.

கிரெண்டலைப் பற்றி அவர் சொல்லும் இன்னொரு குற்றச்சாட்டு இன்று படிப்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். கொன்றவர்களுக்கு அவன் ஈடு கொடுக்க மறுத்தான்! எந்த டேனியனோடும் சமாதானம் பேசவில்லை, பணம் கொடுத்துக் கணக்கை முடிக்கவில்லை, அவன் கையிலிருந்து பொன் வரும் என்று எந்தப் பெரியவரும் எதிர்பார்க்க வழியில்லை என்கிறார். பூதம் நஷ்டஈடு தரவில்லை என்று யாராவது குறைபடுவார்களா? கவிதையைக் கேட்ட அந்தக் கால ஆங்கிலேயர்களுக்கு, ஆங்கிலோ-சாக்சன்களுக்கு, அதில் வியப்பில்லை. அவர்கள் வாழ்ந்த சட்டமே அதுதான். அதற்கு வெர்கில்ட் என்று பெயர், ஆளுக்கான விலை. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் வெஸ்ஸெக்ஸ் அரசன் ஐனே வகுத்த சட்டங்களில் சாதாரண சுதந்திர மனிதனுக்கு 200 ஷில்லிங், பிரபுவுக்கு 1200 ஷில்லிங். இருநூறு ஆள், ஆயிரத்திருநூறு ஆள் என்று விலையை வைத்தே மனிதர்களைக் குறிப்பிட்டார்கள். கொன்றவன் தரப்பு அந்தப் பணத்தைக் கொடுத்தால் பகை முடிந்தது. கொடுக்காவிட்டால் செத்தவனின் உறவினர்கள் பழிவாங்கியாக வேண்டும். அது அவர்களுடைய உணர்ச்சியைப் பொறுத்த விஷயமில்லை, கடமை.

உயிருக்கு விலையா என்று எனக்கும் முதலில் அருவருப்பாகத்தான் இருந்தது. அப்புறம் என் அத்தை மகன் லாரி மோதி இறந்ததும், மூன்று வருடம் கழித்து நஷ்டஈட்டுக் காசோலை வந்ததும் நினைவுக்கு வந்தன. அத்தை அந்தப் பணத்தைத் தொடவே இல்லை. மாமா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். "வாங்கலைன்னா இது முடியாதும்மா" என்று அவர் அத்தையிடம் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. வெர்கில்ட் என்ன செய்தது என்று எனக்குப் புரிய வைத்தவர் அவர்தான். அந்தப் பணம் மகனுக்கு ஈடென்று மாமாவும் நம்பவில்லை. ஒரு இடத்தில் இதை முடித்தாக வேண்டும், அதற்காக வாங்கினார்.

பேயோவுல்ஃப் வருவதற்குப் பின்னாலும் ஒரு பழைய பணக் கணக்கு இருக்கிறது. அவன் அப்பா எட்ஜ்தேயோ, வில்ஃபிங் இனத்தைச் சேர்ந்த ஹெதோலாஃப் என்பவனைக் கொன்றுவிடுகிறான். போர் வந்துவிடுமோ என்ற பயத்தில் சொந்த மக்களே அவனை வைத்துக்கொள்ளவில்லை. அவன் ஓடிப்போய் நின்ற இடம் ஹ்ரோத்காரின் வாசல். அப்போது இளைஞனாக இருந்த ஹ்ரோத்கார் பழைய செல்வங்களைக் கடல் கடந்து அனுப்பி அந்தப் பகையைத் தீர்த்துவைத்தான். எட்ஜ்தேயோ அவனுக்குச் சத்தியம் செய்து கொடுத்தான். பேயோவுல்ஃப் வந்து நின்றதும் கிழ அரசன் எல்லோர் முன்னாலும் முதலில் சொல்லும் கதைகளில் இதுவும் ஒன்று. நன்றிக்கடன் என்ற சொல்லை அவன் வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

இது ஒரு காரணம். பெயர் இன்னொன்று. யாராக இருந்தாலும் ஒருநாள் சாகத்தான் வேண்டும், முடிந்தவன் அதற்குள் புகழைச் சம்பாதித்துக்கொள்ளட்டும், செத்த வீரனுக்கு அதைவிட நல்லது இல்லை என்று பேயோவுல்ஃபே பின்னால் ஒரு இடத்தில் சொல்கிறான். பரிசும் உண்டு, அதை யாரும் மறைப்பதில்லை. அந்தச் சமூகத்தில் பொன் கொடுப்பது அரசனின் வேலை, வாங்கியவன் போரில் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். மண்டபத்தில் குடிக்கும் தேன்மதுவுக்கும் விலை உண்டு. 991 ஆகஸ்டில் எஸ்ஸெக்ஸின் மால்டனில் நடந்த போரைப் பாடும் இன்னொரு பழைய கவிதையில் இது வெளிப்படையாக வருகிறது. தலைவன் பிரித்நாத் செத்து விழுந்த பிறகு சிலர் ஓடுகிறார்கள். ஒருவன் தலைவனுடைய குதிரையிலேயே ஏறி ஓடுகிறான். நிற்பவர்களில் எல்ஃப்வினே என்ற இளைஞன், பெஞ்சுகளில் உட்கார்ந்து மது குடித்தபடி நாம் வீரம் பேசிய பேச்சுகளை நினைத்துப் பாருங்கள், யார் தைரியசாலி என்று இப்போது தெரியும் என்கிறான். தோற்றுவிட்டோம் என்று தெரிந்த பிறகு நடக்கும் பேச்சு அது. பேயோவுல்ஃபின் கடைசிச் சண்டையில் கூடவே நிற்கும் இளம் வீரன் விக்லாஃப் தன் தோழர்களிடம் பேசுவதும் கிட்டத்தட்ட இதுவேதான். மது மயக்கத்தில் சொன்ன வார்த்தையையும் இந்த மனிதர்கள் கடனாகக் கணக்கில் வைத்தார்கள். மால்டன் கவிதையில் பூதங்கள் இல்லை. ஆனால் ஆற்றைக் கடந்து வரும் வைகிங்குகளைக் கவிஞர் கொலை ஓநாய்கள் என்கிறார்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். கட்டுரை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கிரெண்டல் போன மறுநாள் ஹெயோரட்டில் பெரிய விருந்து. ஹ்ரோத்கார் பேயோவுல்ஃபுக்குப் பொற்கொடி, தலைக்கவசம், மார்புக்கவசம், வாள், எட்டுக் குதிரைகள் எல்லாம் கொடுக்கிறான். அதோடு முந்தைய இரவு கிரெண்டல் தின்ற, பேயோவுல்ஃபின் கீட் இனத்தைச் சேர்ந்த வீரனுக்காகப் பொன் கொடுக்கச் சொல்கிறான். கிரெண்டல் கட்ட மறுத்த ஈட்டை அவனுக்குப் பதிலாக ஹ்ரோத்கார் கட்டுகிறான்! எல்லாக் கணக்கும் நேராகிவிட்டதாக எல்லோருக்கும் ஒரு நிம்மதி. பாணன் யாழை எடுக்கிறான்.

அவன் பாடுவது ஹில்டபர் என்ற டேனிய இளவரசியின் கதை. இரண்டு இனங்களுக்கு நடுவே சமாதானம் வேண்டி ஃபிரீசியர்களின் அரசன் ஃபின்னுக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் அண்ணன் ஹ்நாஃப் விருந்தாளியாக வந்த இடத்தில் சண்டை மூள்கிறது. விடியும்போது ஒரு பக்கம் அண்ணன் பிணம், மறுபக்கம் மகன் பிணம். மகனை அவன் மாமனின் தோளுக்குப் பக்கத்தில் ஒரே சிதையில் வைக்கச் சொல்கிறாள் ஹில்டபர். நெருப்பு இரண்டு பக்கத்தையும் தின்றது என்கிறது பாட்டு. அப்புறம் ஒரு சமாதானம், சத்தியங்கள், பொன். குளிர்காலம் முழுக்கக் கடல் உறைந்து கிடக்கிறது. மிஞ்சிய டேனியர்களின் தலைவன் ஹெங்கஸ்ட் ஊருக்கும் போக முடியாமல், தன் தலைவனைக் கொன்றவன் மண்டபத்திலேயே தங்கியிருக்கிறான். வசந்தம் வருகிறது. ஒருவன் ஹெங்கஸ்டின் மடியில் ஒரு வாளை வைக்கிறான். பேச்சே வேண்டியிருக்கவில்லை. ஃபின்னைக் கொன்று, மண்டபத்தைக் கொள்ளையடித்து, ஹில்டபரைத் தங்கள் மக்களிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பாட்டு முடிகிறது. விருந்தில் ஆரவாரம் எழுகிறது, மது ஊற்றுகிறார்கள்.

அண்ணனையும் மகனையும் புருஷனையும் இழந்த ஒரு பெண்ணின் கதை டேனியர்களுக்கு வெற்றிப் பாட்டு. கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். நூறு அடிகள் கழித்து, மகனை இழந்த இன்னொரு பெண் இருட்டில் நடந்து வருகிறாள்.

கவிஞர் இதைத் தற்செயலாக அடுத்தடுத்து வைக்கவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். நான் படித்த சுருக்கத்தில் வெட்டப்பட்டது இந்த ஹில்டபர் கதைதான். அதை எடுத்துவிட்டால் கிரெண்டலின் அம்மா வெறும் பேயாகிவிடுகிறாள். அது இருந்தால், ஹெங்கஸ்ட் செய்ததை அவளும் செய்ய வருகிறாள் என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. அவளை அறிமுகப்படுத்தும்போதே பழிவாங்குபவள் என்று கவிதை சொல்கிறது. மகனின் சாவுக்குப் பழிவாங்க வந்தாள் என்று இன்னொரு முறையும் சொல்கிறது. அவள் எடுத்துப் போனவன் ஆஷெரே. ஹ்ரோத்காரின் அந்தரங்க ஆலோசகன், போர்க்களத்தில் தோளோடு தோள் நின்றவன். மறுநாள் காலை ஹ்ரோத்கார் அழுதுகொண்டே பேயோவுல்ஃபிடம் சொல்வதைக் கேளுங்கள்: நேற்று நீ கிரெண்டலைக் கொன்றாயே, அந்தப் பகைக்குத்தான் அவள் பழிவாங்கியிருக்கிறாள். இழவு விழுந்த வீட்டுக்காரனே அவளுடைய காரணத்தை அவ்வளவு சரியாகச் சொல்கிறான்! அவனுக்கும் தெரிந்த சட்டம்தானே அது. கவிஞர் தன் குரலில் ஒரு வரி சேர்க்கிறார்: அது நல்ல கொடுக்கல் வாங்கல் இல்லை, இரண்டு பக்கத்தாரும் தங்கள் அன்பர்களின் உயிரால் விலை கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கத்தாரும் என்கிறார். அந்தச் சொல்லுக்காக அந்தப் பெயர் தெரியாத மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

மொழியிலும் இந்த வேலை நடக்கிறது. அக்லாகா என்று ஒரு பழைய ஆங்கிலச் சொல். கிரெண்டலை அப்படி அழைக்கிறார், டிராகனையும் அழைக்கிறார். டிராகனைக் கொன்ற பழங்கால வீரன் சிகெமுண்டையும் அதே சொல்லால் அழைக்கிறார். பேயோவுல்ஃபும் டிராகனும் மோதும்போது இருவரையும் சேர்த்து அக்லாகாக்கள் என்கிறார். பார்க்கவே நெஞ்சு நடுங்க வைக்கும் போராளி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் பல மொழிபெயர்ப்புகளில் அது வீரனுக்கு வரும்போது வீரன் என்றும் கிரெண்டலுக்கு வரும்போது அரக்கன் என்றும் மாறிவிடுகிறது. அம்மாவுக்கு அக்லாக்விஃப் என்று வரும்போது அரக்கி, பிசாசு என்றெல்லாம் ஆகிவிடுகிறது. கிரெண்டலும் பேயோவுல்ஃபும் கட்டிப்புரளும் இடத்தில் இருவரையுமே மண்டபத்தின் காவலர்கள் என்கிறார் கவிஞர். யார் உள்ளே, யார் வெளியே என்று கேட்பவருக்கே ஒரு கணம் குழம்ப வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். 1936-இல் பழைய ஆங்கில அறிஞர் டோல்கின் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவு, இந்தக் கவிதையின் மையமே பூதங்கள்தான், அவற்றைக் குழந்தைக்கதை என்று ஒதுக்காதீர்கள் என்று அறிஞர்களிடம் வாதாடியது. அவர் பேச்சிலும் கிரெண்டலுக்கும் டிராகனுக்கும் கிடைத்த இடம் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

ஹ்ரோத்கார் அழுததற்குப் பேயோவுல்ஃப் சொல்லும் பதில்: வருந்தாதீர்கள், நண்பனுக்காக நிறைய அழுவதைவிட அவனுக்காகப் பழிவாங்குவது எல்லோருக்கும் நல்லது. சதுப்புநில ஏரியின் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருந்த கிரெண்டலின் அம்மாவும் முந்தின நாள் இதைத்தான் நினைத்திருப்பாள். பேயோவுல்ஃப் அந்த ஏரிக்குள் குதிக்கிறான். இரவல் வாங்கிப்போன புகழ்பெற்ற வாள் அவள் மேல் வெட்டவில்லை. அவள் அவனைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்து குறுவாளை உருவுகிறாள். அந்த இடத்தில், சண்டையின் உச்சத்தில் கவிஞர் நிறுத்திச் சொல்கிறார்: தன் பிள்ளைக்காக, தன் ஒரே மகனுக்காகப் பழிவாங்க விரும்பினாள். ஒரே மகன் என்று அதுவரை நமக்குச் சொல்லப்படவில்லை. மார்புக்கவசம் பேயோவுல்ஃபைக் காப்பாற்றுகிறது. சுவரில் மாட்டியிருந்த அரக்கர் காலத்து வாளை எடுத்து அவள் கழுத்தை வெட்டுகிறான். அந்த ரத்தத்தில் வாளின் அலகு, வசந்தத்தில் உறைபனி கரைவதுபோல் உருகிப்போகிறது.

டிராகனைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. அது சண்டை போடும் காரணம் எளிமையானது. 300 ஆண்டுகளாக ஒரு புதையலைக் காத்துக்கொண்டிருக்கிறது, அதனால் அதற்கு ஒரு பயனும் இல்லை என்று கவிதையே சொல்கிறது. சவுக்கடிக்குப் பயந்து ஓடிய ஒரு அடிமை, எசமானிடம் சமாதானம் பேச ஒரு கோப்பையைத் திருடுகிறான். ஒரு கோப்பைக்காக டிராகன் ஊரையே எரிக்கிறது. ஐம்பது ஆண்டுகள் ஆண்டு கிழவனாகிவிட்ட பேயோவுல்ஃபின் மண்டபமும் எரிகிறது. அவன் டிராகனைக் கொன்று தானும் சாகிறான். கூட வந்தவர்களில் விக்லாஃபைத் தவிர மற்றவர்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். உயிர் கொடுத்து மக்களுக்காக வென்ற பொன்னை மக்கள் அவனோடேயே புதைத்துவிடுகிறார்கள். முன்பு எப்படி யாருக்கும் உதவாமல் மண்ணில் கிடந்ததோ அப்படியே இன்னும் கிடக்கிறது என்கிறார் கவிஞர். பேயோவுல்ஃபை வருணிக்கும் அவருடைய கடைசிச் சொல், புகழை மிகவும் விரும்பியவன்.

ஆனால் அந்தச் சண்டைக்கு முன்னால் ஒரு காட்சி இருக்கிறது. கிழ அரசன் கடலோர முனையில் உட்கார்ந்து தன் ஆட்களிடம் பழைய கதை பேசுகிறான். எல்லோரும் டிராகனைப் பார்க்கத் துடித்துக்கொண்டிருக்கும்போது அவன் தன் ஏழாவது வயதுக்குப் போய்விடுகிறான். அப்போதுதான் அவனைத் தாத்தா ஹ்ரெதெல் அரசனின் வீட்டில் வளர்க்க விட்டார்கள். ஹ்ரெதெலுக்கு மூன்று மகன்கள். நடு மகன் ஹாத்கின் விட்ட அம்பு குறி தவறி மூத்தவன் ஹெரெபால்ட் மேல் பாய்ந்தது. அண்ணன் செத்தான். பொன்னால் தீர்க்க முடியாத சண்டை என்று இதற்குப் பெயர் வைக்கிறான் பேயோவுல்ஃப். ஈடு யாரிடம் வாங்குவது? அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கா? பழியை யார்மேல் தீர்ப்பது? செத்தவனும் மகன், கொன்றவனும் மகன். பெயருக்காகவோ பொன்னுக்காகவோ பழிக்காகவோ வாளை எடுக்க அங்கே வழியே இல்லை.

தூக்குமரத்தில் தொங்கும் மகனைப் பார்க்கும் ஒரு கிழவனைப் போல என்று ஒப்பிடுகிறான். காகம் அந்த மகனைத் தின்கிறது, அப்பனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மகனின் காலியான அறையைப் பார்க்கிறான். யாழ்ச் சத்தம் இல்லை, முற்றத்தில் முன்பிருந்த சிரிப்பு இல்லை. படுக்கைக்குப் போய்த் தனியாக ஒப்பாரி பாடுகிறான். வயலும் வீடும் எல்லாமே அவனுக்கு மிகப் பெரிதாகிவிட்டதாகத் தோன்றுகிறது.

ஹ்ரெதெல் அந்தத் துக்கத்திலேயே செத்தான். இதைச் சொல்லி முடித்த பிறகு பேயோவுல்ஃப் தான் போட்ட சண்டைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறான். அப்புறம் தோழர்களைக் குன்றின்மேல் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கேடயத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, தனியாகப் பாறைக்குக் கீழே இறங்கிப் போய், உள்ளே இருக்கும் டிராகனுக்குக் கேட்கும்படி கத்துகிறான்.